பெட்டிக்கு ஆயில் ஊற்றுகிறவள்

என் மேல் ஆயில் வாசம் வருகிறதா, கண்ணு? உள்ளதைச் சொல். வந்தால் வருகிறது என்று சொல், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் கிளம்பினேன். இருந்தாலும் கையை மூக்குக்குக் கொண்டுபோனால் அதே வாசம். நகத்துக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அதனால்தான் கேட்டேன்.

தருமபுரிக்கு. நீ சேலமா? சரி, சேலம் வரைக்கும் துணை ஆச்சு.

மகளுக்கு நாளைக் காலையில் ஆபரேஷன். பிரஷர் ஏறிவிட்டது, சொன்ன தேதி வரைக்கும் விட்டுவைக்க முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்களாம். இன்றைக்கு மத்தியானமே சேர்த்துவிட்டார்கள். மோகனாவுக்குத் தலைப்பிரசவம் இது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் பார்க்கவேண்டும், உனக்குத் தெரியாததா. எங்கள் வீதியில் கேட்காத ஆள் பாக்கி இல்லை. "ஏனுங் தெய்வாத்தா, புள்ளையக் கூட்டிட்டு வரலீங்ளா?" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நிற்கவைத்துக் கேட்கிறார்கள். நானா வேண்டாம் என்றேன்? என்னை விட்டால்தானே கண்ணு? அந்த இடத்திலிருந்து என்னை விட்டால்தானே?

இரு, ஒரு போன் பேசிவிடுகிறேன்.

எடுக்கவில்லை. சாயங்கால ஷிப்டுப் பையன், இப்போதுதான் வேலைக்கு வந்திருப்பான். சட்டை மாற்றிக்கொண்டு இருப்பான். பிறகு பார்க்கலாம். பார்த்தாயா, பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட என்னை நிம்மதியாக விடமாட்டேன் என்கிறார்கள்.

வேலை திருப்பூரில், சாயப்பட்டறையில். சாயம் போடுகிற இடத்தில் இல்லை, அதற்குப் பின்னால், சாயத்தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற செட்டில். தண்ணீரைத் தொட்டியில் விட்டு மருந்து போட்டுக் கலக்கினால் சாயமெல்லாம் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றைப் பிழிகிற மெஷின்தான் என்னுடையது. பிரஸ் என்போம். பெரிய பெரிய பிளேட்டுகள், இட்லித் தட்டுகளை நிமிர்த்தி வரிசையாக நிற்கவைத்தது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிச்சட்டை. எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே சேற்றை ஏற்றினால், தண்ணீர் துணி வழியாக வடிந்துவிடும், சேறு மட்டும் கட்டியாக நின்றுவிடும். அப்புறம் திறந்தால் பாளம் பாளமாக விழும். வாரி மூட்டை கட்டவேண்டியதுதான்.

நெருக்கிப் பிடிப்பது யார்? மனுசரால் ஆகிற காரியமா அது? அதற்குத்தான் ஆயில் பெட்டி. பவர் பேக் என்று அவர்கள் சொல்வார்கள், நான் பெட்டி என்பேன். ஒரு டேங்க், அதன் தலையில் மோட்டார், பக்கத்தில் ஒரு மீட்டர், ஒரு லீவர். லீவரை முன்னால் தள்ளினால் டேங்கில் இருக்கிற ஆயில் ஓடிப்போய் ஒரு ராடை வெளியே தள்ளும். என் தொடை தண்டி ராடு. அது போய் பிளேட்டுகளை இறுக்கிவிடும். லீவரைப் பின்னால் இழுத்தால் ராடு உள்ளே போகும், பிரஸ் திறக்கும். அவ்வளவுதான். கேட்பதற்கு லேசாக இருக்கிறது, இல்லையா? மீட்டரில் முள் இறங்கிவிட்டால் அப்போது தெரியும். பிளேட் இடுக்கிலிருந்து பீய்ச்சி அடிக்கும். கறுப்புச் சாயம் ஓடுகிற நாளில் எதிரே நின்றவள் கதி அவ்வளவுதான். என்னிடம் கறை இல்லாத சேலை இது ஒன்றுதான், மோகனா கல்யாணத்துக்கு எடுத்தது.

முதலில் நான் மூட்டை கட்டத்தான் போனேன். வீட்டுக்காரர் போன பிறகு, அஞ்சாவதோடு நின்றவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மூட்டை கட்டுவேன், செட்டைப் பெருக்குவேன். பிரஸ் பார்த்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் துபாய் போய்விட்டான். சபரி சார்தான் செட்டுக்கு மேலாள். எங்கள் மோகனாவை விட ரெண்டு மூணு வயது மூத்தவர் இருப்பார், கெமிஸ்ட்ரி படித்தவர். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அக்கா, நீங்க தினம் பாத்துட்டுத்தானே இருக்கீங்க, லீவரைப் புடிச்சுப் பாருங்களேன்" என்றார். பிடித்தேன். மோட்டார் உறுமியது, ராடு கிளம்பியது, பிளேட்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போய் நின்றன. நான் ஒரு கையால் தள்ளினேன், அது அத்தனை பாரத்தையும் தள்ளிக்கொண்டு போகிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் என்னை விடவில்லை.

காலையில் நான் போய்ப் பிரஸ்ஸை மூடுவேன். பகல் முழுக்கச் சேறு ஏறும். சாயங்காலம் அடுத்த ஷிப்டு ஆள் வந்து திறப்பான், கட்டியைத் தள்ளுவான், துணியைக் கழுவிவிட்டுப் போவான். மறுபடி காலையில் நான். மூடினதும் முதல் வேலையாகப் பெட்டியின் வயிற்றைப் பார்ப்பேன். டேங்க் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், ஆயில் எவ்வளவு என்று அதில் தெரியும். தினமும் கீழே இறங்கித்தான் கிடக்கும். ஊற்றுவேன். கண்ணாடி நிறைகிற வரைக்கும் ஊற்றிவிட்டு, மூடியைத் துடைத்துவிட்டுத்தான் எனக்கு டீ. ஒருநாள் தவறினது கிடையாது. காய்ச்சலோடு போயும் ஊற்றியிருக்கிறேன்.

ஆனால் பெட்டிக்கு ஒரு குணம் கண்ணு. வேறு ஆள் கை பட்டால் கக்கிவிடும்.

நிஜமாகத்தான். சாயங்கால ஆள் வந்து லீவரைப் பின்னால் இழுத்து, ராடு உள்ளே போகப் போக, டேங்க் மூடி வழியாக ஆயில் பொங்கி வழியும். மோட்டார் மேலெல்லாம், தரையெல்லாம். எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஒருத்தனும் தங்கவில்லை. சபரி சார் அவர்களைப் பிடித்துக் கத்துவார். "தெய்வாக்கா காலைல ஊத்துற ஆயில் சாயங்காலம் தரையில கெடக்கு. என்னய்யா பண்றீங்க? இல்ல கேன்ல புடிச்சு வெளிய விக்கிறீங்களா?" திருட்டுப் பட்டம் கட்டினால் யார் இருப்பார்கள்? போய்விடுவார்கள். அவர்கள் போனால் ரெண்டு ஷிப்டும் என் தலையில்.

நான் திறக்கும்போதும் கக்கும்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதன் சுபாவம் தெரியும். மூடிக்குக் கீழே ஒரு பெயிண்ட் டப்பாவை வெட்டி முன்கூட்டியே வைத்துவிடுவேன். கக்குகிறதைப் பிடித்து வைத்துக்கொள்வேன். மறுநாள் பிரஸ்ஸை மூடினதும், கண்ணாடி இறங்கியிருக்கும் பார், அப்போது அதையே திருப்பி ஊற்றிவிடுவேன். ஒரு சொட்டு வீண் போகாது. பால் குடித்த பிள்ளை கக்கினால் அம்மாக்காரி தோளில் துண்டு போட்டுக்கொள்வதில்லையா? அந்த மாதிரி. மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை ஏது?

பெருந்துறை போய்விட்டதா? கவனிக்கவே இல்லை.

செல்லமுத்து என்று ஒருத்தன் வந்தான். பரவாயில்லை, வேலை தெரிந்தவன். வாய் மட்டும் நீளம். "ஏனுங்க்கா, உங்க பெட்டி என்னையப் பாத்தா மட்டும் வாந்தி எடுக்குதே, மாசமா இருக்குதுங்ளா?" என்பான். "எம்பட மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்குது?" என்பான். சிரிப்பு வரும். இருந்தாலும் நான் எச்சரித்தேன். "டேய், அது உன்னை இன்னும் ஏத்துக்கல, பாத்து நில்லு, கீழ வழுக்கும்" என்றேன். அவன் கேட்டால்தானே? ஒருநாள் திறந்துகொண்டிருக்கும்போது கால் வழுக்கி, முழங்கை இரும்புச் சட்டத்தில் பட்டு எலும்பு விலகிப்போனது. அவனுடைய செருப்பையும் சாப்பாட்டுத் தூக்குப்போசியையும் வாங்கிக்கொண்டு போக அவன் சம்சாரம் வந்தது. ஒல்லியாக, உன் வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க முன்னமே எச்சரிச்சீங்களாமா. அவருதான் கேக்கல" என்று அழுதது. என் சாப்பாட்டில் பாதியை அதுக்குக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனது. நல்ல பெண்.

அதுக்கப்புறம் அவன் ஷிப்டையும் நானே பார்த்தேன். மோகனாவுக்கு அப்போது ஆறாம் மாதம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சர்வீஸ்காரன் வருவான், ஆரோக்கியம் என்று பேர். பெட்டி எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொல்லி சபரி சார் அவனைக் கூப்பிட்டார். சுற்றிச் சுற்றி வந்தான், கையை விட்டுத் தடவிப் பார்த்தான். "எங்கயும் லீக் இல்லையே. ஆயில் எப்ப ஊத்துறீங்க?" என்றான்.

"காலைல மூடினதும்" என்றேன்.

சிரித்துவிட்டான். "அக்கா, அப்ப ராடு வெளிய இருக்குதுல்ல? டேங்க்ல இருந்த ஆயில்தான் சிலிண்டருக்குள்ள போயி ராடைத் தள்ளியிருக்குது. அதான் கண்ணாடியில கம்மியாத் தெரியுது. திறந்தா அது அத்தனையும் திரும்பி டேங்குக்கே வரும். வந்து நிக்க எடம் வேணாமா? ராடு உள்ள இருக்கும்போது லெவலைப் பாருங்க. அப்ப கொறஞ்சிருந்தா ஊத்துங்க" என்றான். சாக்பீஸ் எடுத்துக் கண்ணாடி பக்கத்தில் ஒரு கோடு வேறு போட்டான்.

நீயே சொல்லு கண்ணு. ராடு உள்ளே இருக்கும்போது, வேலை வெட்டி இல்லாமல் நிற்கும்போது, வயிறு நிறைந்துதான் தெரியும். அப்போது பார்த்து என்ன பிரயோஜனம்? வேலை செய்யும்போதுதானே உண்மையான பசி தெரியும்? பசிக்கிற நேரத்தில் கொடுக்காமல், சும்மா இருக்கும்போது கொடு என்கிறான். இவன் மாதத்துக்கு ஒருதரம் வந்து போகிறவன். நான் தினம் பக்கத்தில் இருக்கிறவள். சரி தம்பி என்று தலையை ஆட்டிவிட்டேன். பாவம், படித்த பையன், மனசு நோகக்கூடாது. மறுநாள் டேங்கைத் துடைக்கும்போது அந்தச் சாக்பீஸ் கோடும் போய்விட்டது. நான் வேண்டுமென்று அழிக்கவில்லை. எனக்குச் சுத்தம் வேண்டும்.

இரு, இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.

அடிக்கிறது, எடுக்கவில்லை. பிகாஸ் என்று ஒரிசாப் பையன். பையன் என்ன, அவனுக்கும் ஊரில் ரெண்டு பிள்ளைகள். இப்போது அவன்தான் சாயங்கால ஷிப்டு. நல்லவன்தான், வாயே திறக்கமாட்டான். ஆயில் வழிந்தால் மரத்தூளைப் போட்டு வாரிக்கொண்டு இருப்பான். ஆனால் சபரி சார் இந்தத் தடவை முடிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தரம் ஆயில் வழிந்தால் இவனையும் அனுப்பிவிட்டு ஏஜெண்டிடம் வேறு ஆள் கேட்பேன் என்று. வேறு ஆள் வருகிற வரைக்கும் யார்? நான்தான். அதனால்தான் அடித்துக்கொள்கிறேன்.

மோகனாவிடம் சொன்னால் புரியவில்லை. புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. அவள் மாமியார் வீட்டில், தருமபுரியில். குறை சொல்லக்கூடாது, நல்ல மனுசர்கள். நான் தட்டுத்தட்டாகக் கொண்டுபோய் அடுக்கினேன், ஏழு வகைச் சோறு, முறுக்கு, அதிரசம் எல்லாம் என் கையால். வளையல் போட்டு முடித்து, பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்பவேண்டும், முறை அதுதானே. எனக்கு மட்டும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. பிகாஸுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஏதோ நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பந்தி நடந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மாவிடம் போய், "இப்ப கூட்டிட்டுப் போனா பாத்துக்க ஆள் இல்லீங்க, இன்னொரு நாள் வந்து அழைச்சுக்கிறேன்" என்றேன். அந்தம்மா, "பரவால்லீங்க, இங்கயே இருக்கட்டும்" என்றது.

மோகனா கை நிறைய வளையலோடு வாசல் வரைக்கும் வந்தாள். "அம்மா, அப்பா போனதுக்கப்புறம் உன்னை அந்த மெஷினுக்கே கட்டி வெச்சிருக்கலாம். தாலிச்செலவு மிச்சம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போய்ப் பார்த்தால், செட்டில் ஒன்றும் நடக்கவில்லை. பிகாஸ் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் துணி கழுவிக்கொண்டிருந்தான். "என்ன அக்கா, பங்ஷன் முடிஞ்சா?" என்றான். எனக்கு வந்த கோபம்!

அதுக்குப் பிறகு மோகனா போனில் பேசினால் ரெண்டு வார்த்தைதான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். நான்தான் விடாமல், கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு, பால் குடி என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். "அம்மா, போதும்மா, எனக்கு வயிறு கொள்ளலை" என்பாள். ஆனால் இன்றைக்குக் காலையில் அவளே கூப்பிட்டாள், கண்ணு. அவளே கூப்பிட்டாள். "அம்மா, எனக்கு பயமா இருக்கு. நீ ஒண்ணும் கொண்டு வர வேணாம். நீ வந்து எம்பக்கத்துல உக்காந்திரு, போதும்" என்றாள். கடைசியாக அவள் அந்த மாதிரிப் பேசியது, அவள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு.

விட்டால்தானே என்று சொன்னேன் அல்லவா? சபரி சாரிடம் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கி நின்றேன். மனுசர் ஒரே வார்த்தையில், "அட, கெளம்புங்கக்கா, பத்து நாள் இருந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். யோசிக்கக்கூட இல்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "பெட்டியை யாரு பாப்பாங்க?" என்றேன். "பிகாஸ் பாத்துக்குவான், நான் இருக்கேன்ல" என்றார். அவருக்குப் பெட்டியைப் பற்றி என்ன தெரியும்?

பிரஸ்ஸை மூடிவிட்டு, பத்து நாளைக்கும் தாங்கட்டும் என்று நன்றாகவே ஊற்றிவிட்டு வந்தேன். கண்ணாடிக்கு மேலே, டேங்க் கழுத்து வரைக்கும். இனி ஒரு கை ஊற்ற இடமில்லை, அந்த அளவுக்கு. பெயிண்ட் டப்பாவைச் செட்டுக்குள் எங்கே வைத்தேன் என்று பிகாஸிடம் சொல்ல மறந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

என்ன கண்ணு, ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நீயும் ஆரோக்கியம் மாதிரி ஏதாவது சொல்லப்போகிறாயா? என்ன படித்திருக்கிறாய்? கம்ப்யூட்டரா? அப்போது சரி.

இரு. அவனேதான்.

ஆங், பிகாஸ், சொல்லு. என்னது? மெதுவாச் சொல்லு. எவ்வளவு? மோட்டார் மேலயா? நீ தள்ளி நில்லுடா, மொதல்ல தள்ளி நில்லு. மெயினை ஆப் பண்ணு. பண்ணிட்டியா? கால் வழுக்கலையே? கையெல்லாம் நல்லா இருக்கா? நீ என்ன பண்ணினே? லீவரை வேகமா இழுத்தியா? சரி, சரி, அழாதே. நான் வரேன். என்னது? யாரு? சாரா? குடு.

சார், தெய்வாத்தா பேசறேன். நான் சொன்னேன்ல சார். நான் இல்லைன்னா அது... ஆமா சார். ஆமா, நான்தான் ஊத்தினேன், பத்து நாளைக்கும் சேத்துத்தான். சார், பிகாஸை ஒண்ணும் சொல்லாதீங்க, அவன் பாவம், பெட்டிக்கு அவனை இன்னும் புடிக்க... என்னது? அனுப்பலையா? ஆரோக்கியம் வந்திருக்கானா? அவன் எதுக்கு சார் வந்தான்? ம். ம். ராடை உள்ள எடுத்துட்டு... ம். கோடு வரைக்கும்... சரி சார். இல்ல சார், நான் வந்து... வேண்டாமா? சார், பஸ் இப்பத்தான் சங்ககிரிகிட்ட வருது, எறங்கினா ரெண்டு மணி நேரத்துல... பூட்டா? எதுக்குப் பூட்டு? யாரும்னா, நானும்தானா சார்? ம். சரி சார். சரி.

வைத்துவிட்டார்.

என்னை வரவேண்டாம் என்கிறார் கண்ணு. நிம்மதியாகப் போய்ப் பிள்ளையைப் பாருங்க என்கிறார். அக்கா, உங்க மேல தப்புச் சொல்லல, யாரும் சரியாச் சொல்லிக் குடுக்கல என்கிறார். இனிமேல் ஒரு ஷிப்டு பார்த்தால் போதுமாம், அலையவேண்டாமாம். சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஆயில் டேங்க் மூடிக்குப் பூட்டு போடுகிறார்களாம். சாவி ஆபீஸில் இருக்குமாம். மாதத்துக்கு ஒருதரம் ஆரோக்கியம் வந்து பார்ப்பானாம்.

மாதத்துக்கு ஒருதரம்! நான் தினம் ஊற்றினேன். தினம் குடித்தது. அது எப்படி ஒரு மாதம் தாங்கும்? காலையில் பிரஸ்ஸை மூடிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் அடியில் கிடக்கும், பக்கத்தில் ஒருத்தி கேனோடு நிற்பாள், மூடியில் பூட்டு தொங்கும். என்ன கொடுமை கண்ணு இது? அந்த ஆரோக்கியம் ஏதோ ஓதியிருக்கிறான். நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறான் பார். நான் அங்கே இருந்திருந்தால் இப்படிப் பேசியிருப்பார்களா?

இல்லை, போகத்தான் வேண்டும். போய் எதிரே நின்று ஒரு வார்த்தை கேட்டால்தான் எனக்கு ஆறும். பிகாஸுக்கு மரத்தூள் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தெரியும், தெரியும், அவன்தான் தினம் வாருகிறான். இருந்தாலும் நான் இருந்தால் நன்றாக இருக்கும். காலையில் முதல் பஸ் பிடித்தால் மோகனாவை உள்ளே கொண்டுபோவதற்குள் வந்துவிடமாட்டேனா? உள்ளே போனால் நம்மை விடவா போகிறார்கள்? வெளியேதான் உட்காரப்போகிறோம். அங்கே சம்பந்தியம்மா இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறார். நான் போய் ஒரு மூலையில் உட்காருவேன். காபி வேணுங்ளா என்பார்கள். வேண்டாங்க என்பேன். அவ்வளவுதானே?

கண்டக்டர் தம்பி! சங்ககிரியில் நிறுத்துங்க. ஆமா, டிக்கெட் தருமபுரிக்குத்தான். பரவாயில்லை, இறங்கணும்.

இந்தா, மறுபடியும் போன். மோகனா. கண்ணு, நீ எடுத்துப் பேசேன். பஸ் வழியில் நின்றுவிட்டது, வர நேரமாகும் என்று சொல். உன் குரல் என்றால் மேலே கேட்கமாட்டாள். நான் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். பிடி. ஏன் கையை மடியில் வைத்துக்கொண்டாய்? ஒரு வார்த்தைதானே. பிடி கண்ணு. சொல்லமாட்டாயா?

சரி, விடு. அடித்து நிற்கட்டும். என்னைத்தான் எல்லோரும் சேர்ந்து இழுக்கிறார்களே, இந்தப் பக்கமும் விடமாட்டார்கள், அந்தப் பக்கமும் விடமாட்டார்கள். தள்ளு, காலை மிதித்துவிடப்போகிறேன். இறங்குகிறேன் தம்பி, விசில் கொடுத்துவிடாதே, வயசானவள்.

கண்ணு! இங்கே, சன்னலில்! திருப்பூர் போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும்? ரோட்டைத் தாண்டவேண்டுமா? நடுவில் கம்பி அடைத்திருக்கிறதே, எப்படித் தாண்டுவது? எனக்கு இந்த ஊர் தெரியாது கண்ணு, அதையாவது சொல்லிவிட்டுப் போ.